விதையைத் தின்றது யார் என்று முதலில் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தோட்டப் பக்கத்தை விடாமல் படிப்பவள் நான். சென்ற வாரம் அதில் புதிதாக விதைத்த காய்கறி விதைகளைக் காப்பாற்ற எளிய வழிகள் என்று கட்டம் கட்டி ஒரு குறிப்பு வந்திருந்தது. பாத்தியைச் சுற்றி அந்துருண்டை போடுங்கள், மண்ணில் ஒரு பிடி குருணை மருந்து தூவுங்கள், முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுங்கள், பறவை வராமலிருக்க மிளகாய்த்தூள் தூவுங்கள் என்று நான்கு யோசனைகள். நான்கில் இரண்டு ஆபத்து, இரண்டு வீண். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். இடம் போதாமல் எங்கே வெட்டினாலும் அந்துருண்டை பற்றிய பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

நான் வேளாண்மை படித்தவள் அல்ல. வேலையில் இருந்த காலமெல்லாம் கணக்குப் புத்தகத்தோடு போயிற்று. ஓய்வுக்குப் பிறகு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண்ணிலும் மாடியில் தொட்டிகளிலும் காய்கறி போடுகிறேன். பழக்க தோஷம், விதைக்கும் கணக்கு எழுதுகிறேன். இன்ன தேதியில் இன்ன விதை இத்தனை போட்டேன், முளைத்தது இத்தனை, மிச்சம் எங்கே போயிற்று? இருப்பு குறைந்தால் எடுத்தது யார் என்று பார்க்காமல் எந்தக் கணக்கரும் புதுப் பூட்டு வாங்கச் சொல்லமாட்டார். உங்கள் குறிப்பை எழுதியவர் எடுத்த எடுப்பில் நான்கு பூட்டை வாங்கிக் கொடுத்துவிட்டார்.

முளைக்கும் பருவத்தில் இழப்பு வருவது புதிதல்ல. சார்லஸ் டார்வின் 3 அடி நீளம், 2 அடி அகலமுள்ள துண்டு நிலத்தைக் கொத்திச் சுத்தம் செய்து, அதில் தானாக முளைத்த களைகளை ஒவ்வொன்றாக அடையாளம் வைத்து எண்ணினார். 357 முளைத்தன. அவற்றில் 295 அழிந்துபோயின, பெரும்பாலும் நத்தை இனத்தாலும் பூச்சிகளாலும். களைக்கே இந்தக் கதி. நாம் போடுவதோ கசப்பும் காரலும் குறையக் குறைய மனிதன் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த விதை. தின்ன வருகிறவற்றுக்கு இன்னும் வசதி.

எனவே விதை காணாமல் போனால் மருந்துக் கடைக்குப் போகுமுன் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போங்கள். முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: விதை முளைக்கவே இல்லையா, அல்லது முளைத்த பிறகு போயிற்றா?

முளைக்கவில்லை என்றால் விதைத்த இடத்தை மெல்லத் தோண்டிப் பாருங்கள். விதையே இல்லை, சின்னக் குழி மட்டும் இருக்கிறது, பக்கத்தில் இரண்டாகப் பிளந்த தோல் கிடக்கிறது என்றால் எலி அல்லது அணில். பூசணி, சுரை, வெள்ளரி, பட்டாணி, மக்காச்சோளம் ஆகியவைதான் அவற்றுக்குப் பிடித்தவை. எலி ஒரு விதையை மோப்பம் பிடித்துவிட்டால் வரிசை போட்ட நூலையே பிடித்துக்கொண்டு போவதுபோல அடுத்தடுத்த குழிக்குப் போய்விடும். நேர்கோட்டில் விதைப்பது நமக்கு மட்டுமல்ல, அதற்கும் சௌகரியம். ராத்திரியில் போயிருந்தால் எலி, காலையில் இருந்தது மத்தியானம் இல்லை என்றால் அணில்.

விதை இருக்கிறது, ஆனால் தொட்டால் கொழகொழவென்று நசுங்குகிறது, முகர்ந்தால் நாற்றம் என்றால் அதை யாரும் தின்னவில்லை. தண்ணீர் அதிகம், அல்லது விதை பழசு, அல்லது அந்த விதைக்கு மண் ரொம்பக் குளிர்ந்துவிட்டது. இதற்கு எந்தப் பூச்சிமருந்தும் வேலைக்கு ஆகாது. பீன்ஸ் விதைக்குள் சுரங்கம் தோண்டினாற்போல் இருந்து, உள்ளே காலில்லாத வெள்ளைப் புழு நெளிந்தால் அது விதை ஈயின் புழு. மண் குளிர்ந்து ஈரமாக இருக்கும் காலத்தில், அரைகுறையாக மக்கிய எருவைப் போட்ட பாத்தியில் இது அதிகம் வரும். அந்த ஈ முட்டையிட வருவதே அழுகும் எருவின் வாசனைக்கு. எரு நன்றாக மக்கிப் பொலபொலவென்று ஆன பிறகு போடுங்கள், பாதித் தொல்லை தீரும்.

முளைத்த பிறகு போயிருந்தால் தடயம் இன்னும் தெளிவாக இருக்கும். நாற்று வேரோடு பிடுங்கப்பட்டுப் பக்கத்தில் வாடிக் கிடந்தால் பறவை. மக்காச்சோளத்திலும் பட்டாணியிலும் அது குருத்தைப் பிடித்து இழுப்பது அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் விதைக்காக. விதையிலுள்ள சத்தைச் செடி உறிஞ்சித் தீர்த்துவிட்டால் பிறகு அந்தப் பக்கம் அவ்வளவாகத் திரும்பிப் பார்க்காது. இலை ஓரம் கண்டபடி கடிக்கப்பட்டு, மண்ணில் காய்ந்த பசைபோல் மினுக்கும் கோடு தெரிந்தால் நத்தை, அல்லது ஓடில்லா நத்தை. முள்ளங்கி, கடுகு, முட்டைக்கோஸ் நாற்றில் ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்ன ஓட்டைகள் என்றால் தத்தும் வண்டு. கையை அருகில் கொண்டுபோனால் எள் அளவில் ஏதோ ஒன்று துள்ளி மறையும், அதுதான்.

வெட்டுப்புழுவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் ஆட்கள் அடிக்கடி வேறு எதன் தலையிலாவது கட்டுகிறார்கள். சாயங்காலம் நிமிர்ந்து நின்ற தக்காளி நாற்று காலையில் மண்மட்டத்தில் கத்தரிக்கோலால் நறுக்கினாற்போல் விழுந்து கிடக்கும். மேல்பகுதி அநேகமாக முழுசாக இருக்கும், இலை லேசாக வாடியிருக்கும். பார்க்கிறவர்கள் பூனை மிதித்தது, காற்று சாய்த்தது என்பார்கள். அந்த நாற்றைச் சுற்றி ஒரு கை அகலத்துக்கு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்துக்கு விரலால் மண்ணைக் கிளறுங்கள். சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில், எண்ணெய் தடவியதுபோன்ற உடம்போடு, கொழுத்த புழு ஒன்று வளையமாகச் சுருண்டு கிடக்கும். தொட்டால் இன்னும் இறுகச் சுருளும். பகல் முழுவதும் அதற்கு அதுதான் வேலை. இருட்டிய பின் டார்ச் எடுத்துக்கொண்டு போனால் அதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம்: தண்டை உடம்பால் சுற்றிக்கொண்டு, தலையை மட்டும் அசைத்து அசைத்து அறுக்கும். நாற்று சாய்ந்ததும் அதில் ஏதோ கொஞ்சம் கொறித்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துவிடும். தின்பது கொஞ்சம், வெட்டுவது நிறைய. வந்த எரிச்சலில் அன்றைக்கு அதை நான் என்ன செய்தேன் என்று இங்கே எழுதவில்லை.

இதற்கு மருந்தே வேண்டாம். அடிப்பாகத்தை வெட்டிய காகிதக் கோப்பையை நாற்றைச் சுற்றி மண்ணில் மூன்று சென்டிமீட்டர் இறங்கும்படி அழுத்தி, மேலே ஐந்து சென்டிமீட்டர் நிற்கும்படி விட்டால் போதும். புழுவால் தண்டைச் சுற்ற முடியாது. ஒரே ஒரு எச்சரிக்கை, வளையம் வைக்குமுன் உள்பக்க மண்ணைக் கிளறிப் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் புழுவை உள்ளே வைத்துக் காவல் போட்டதாகிவிடும். தண்டு பென்சில் பருமன் ஆனதும் வளையத்தை எடுத்துவிடலாம்.

இனி உங்கள் குறிப்புக்கு வருகிறேன்.

அந்துருண்டை. அதிலிருப்பது பெரும்பாலும் நாப்தலீன். அது துணி அலமாரியில் வேலை செய்வதற்குக் காரணம், மூடிய இடத்தில் ஆவி நிறைந்து அந்துப்பூச்சிக்கு மூச்சு முட்டுவது. திறந்த தோட்டத்தில் ஆவி நிற்காது, காற்றோடு போய்விடும். பக்கத்து வீட்டுப் பாத்தியில் நான்கு மூலையிலும் வைத்திருந்தார்கள். அந்த நாற்றத்தின் நடுவே எலி சாவகாசமாக நடந்துபோனதை டார்ச் வெளிச்சத்தில் நானே பார்த்தேன். பயன் இல்லாவிட்டால் போகட்டும் என்று விடவும் முடியாது. மண்ணில் வெள்ளையாகக் கிடக்கும் உருண்டையைச் சின்னக் குழந்தை மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும். நாப்தலீன் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கு இந்த ஆபத்து பல மடங்கு, அந்தக் குறைபாடு இருப்பதே பல பெற்றோர்களுக்குத் தெரிந்திருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாப்தலீன் அந்துருண்டைகளை 2008-லேயே நிறுத்திவிட்டார்கள். துணி அலமாரிக்கே வேண்டாம் என்று அங்கே ஒதுக்கிய பொருளைக் கீரைப் பாத்தியில் போடச் சொல்லி நாம் எழுதுகிறோம்.

குருணை மருந்து. எந்தக் குருணை என்று பெயர்கூடப் போடவில்லை. ஒரு பிடி என்று அளவு சொன்னதே போதும், எழுதியவர் டப்பாவின் மேலிருக்கும் எச்சரிக்கையைப் படித்ததில்லை என்று தெரிகிறது. குருணை என்றால் தோட்டக்காரர்கள் பலரும் நினைப்பது கார்போஃப்யூரான் என்ற பூச்சிமருந்தை. அதன் ஒரே ஒரு குருணை சிறு பறவை ஒன்றைக் கொல்லப் போதும். மணல் பருக்கை, விதை என்று நினைத்துப் பறவை கொத்திவிடுகிறது. இப்படிப் பறவைகள் செத்ததால்தான் அமெரிக்காவில் 1990-களிலேயே குருணை வடிவத்தை ஏறக்குறைய முழுவதும் நிறுத்தினார்கள். 2009-ல் உணவுப் பொருளில் அதன் எச்சம் இருக்கலாம் என்ற அனுமதியையும் எடுத்துவிட்டார்கள். இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இந்த மருந்து வேர் வழியாகச் செடிக்குள் ஏறும் வகை. கீரையையும் முள்ளங்கியையும் விதைத்த ஒரு மாதத்துக்குள் பறித்துவிடுகிறோம், விதைத்த அன்று மண்ணில் போட்டது எங்கே போயிருக்கும்? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்.

முட்டை ஓட்டில் ஆபத்து ஒன்றும் இல்லை. நத்தையின் மெல்லிய வயிற்றைக் கிழிக்கும் என்பார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி 2018-ல் முட்டை ஓடு, செப்புப் பட்டை, கூர்மையான சரளை, மரப்பட்டைத் தூள், கம்பளி உருண்டை என்று ஐந்தையும் லெட்டூஸ் செடிகளைச் சுற்றிப் போட்டுச் சோதித்துப் பார்த்தது. எதுவும் போடாத செடிகளில் எவ்வளவு சேதமோ, இவற்றிலும் ஏறக்குறைய அவ்வளவே. நத்தை தன் சளியின் மேலேயே வழுக்கிக்கொண்டு போகிறது, அதற்கென்ன கவலை. ஓட்டை எருக்குழியில் போடுங்கள்.

மிளகாய்த்தூள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிளி பழுத்த மிளகாயைக் கொத்தித் தின்பதைப் பார்த்தவர்கள் யாரும் அந்த வரியை எழுதியிருக்கமாட்டார்கள். நமக்கும் எலிக்கும் அணிலுக்கும் நாக்கு எரிவது கேப்சைசின் என்ற பொருளால். பறவைகளின் நரம்பில் அதை உணரும் பகுதி வேறு மாதிரி அமைந்திருப்பதால் அவற்றுக்கு எரிச்சலே தெரியாது. மிளகாய்ச் செடிக்கும் அது வசதி: பல்லால் விதையை அரைத்துவிடும் பிராணியைத் துரத்தும், முழுசாக விழுங்கி வேறு இடத்தில் எச்சமிடும் பறவையை வரவேற்கும். அணிலை விரட்ட வேண்டுமானால் மிளகாய்த்தூள் கொஞ்சம் உதவும், அடுத்த முறை தண்ணீர் தெளிக்கும் வரை.

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். என் அனுபவத்தில் பலன் கொடுப்பது இரண்டு காரியங்கள்: விதை மண்ணுக்குள் கிடக்கும் நாட்களைக் குறைப்பது, அந்த நாட்களில் அதை மூடி வைப்பது.

முள்ளங்கியும் கீரையும் மூன்று முதல் ஐந்து நாளில் தலைகாட்டிவிடும். பீன்ஸுக்கு ஒரு வாரம். மிளகாய்க்கு எட்டு முதல் பதினைந்து நாள். கேரட் பத்து முதல் இருபது நாள் வரை நம் பொறுமையைச் சோதிக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு எறும்புக்கோ எலிக்கோ கூடுதல் வாய்ப்பு. அதனால் வெண்டை விதையை ஓர் இரவு ஊற வைத்துப் போடுங்கள். பாகல் விதையின் ஓடு கடினம், கூர்முனையை நகவெட்டியால் லேசாகக் கிள்ளிவிட்டு ஊற வைத்தால் சீக்கிரம் பிளக்கும். பூசணி, வெள்ளரி விதைகளை ஈரத்துணியில் சுற்றி வைத்து, வெள்ளை வேர்முனை எட்டிப் பார்த்ததும் எடுத்து ஊன்றலாம், வேர் ஒடியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பீன்ஸை மட்டும் ரொம்ப நேரம் ஊற விடாதீர்கள், தோல் வெடித்து விதை பிளந்து அழுகிவிடும். ஆழமும் முக்கியம். விதையின் பருமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் போதும். அதைவிட ஆழம் குறைந்தால் பறவையும் எறும்பும் எடுக்கும், ரொம்பக் கீழே போட்டால் மேலே வரவே நாளாகும். குளிர்ந்த மண்ணில் மிளகாய் விதை வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கும். வெதுவெதுப்பான இடத்தில் தட்டில் முளைக்க வைத்து, நான்கைந்து இலை வந்த நாற்றாகவே பாத்தியில் நடுவது நல்லது.

மூடுவதற்கு நான் பயன்படுத்துவது அடிப்பலகை இல்லாத மரச்சட்டம். மேலேயும் பக்கவாட்டிலும் பற்றவைத்த கம்பி வலை. இங்கேதான் பலரும் கடையில் கிடைத்ததை வாங்கி வந்து மாட்டிக்கொள்கிறார்கள். கோழிக்கூட்டுக்கு அடிக்கும் அறுகோணக் கண் வலை பறவைக்குச் சரி, சுண்டெலிக்கு அது திறந்த வாசல். சுண்டெலியின் தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும், அதற்குச் சுண்டுவிரல் பருமன் ஓட்டை தாராளம். கண் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. எலி அடியில் தோண்டிக்கொண்டு வரும் என்பதால் வலையின் விளிம்பை வெளிப்பக்கமாக ஒரு சாண் அகலத்துக்கு மண்மேல் மடித்து விரித்து, அதன் மேல் கல்லோ செங்கல்லோ வைத்துவிட வேண்டும். எலி சட்டத்தின் ஓரத்தில் வந்துதான் தோண்டும், இரண்டடி தள்ளிப்போய்த் தோண்ட வேண்டும் என்ற யோசனை அதற்கு வருவதில்லை. நாற்று வலையைத் தொடுமுன் சட்டத்தை எடுத்து அடுத்த பாத்திக்கு மாற்றுகிறேன். மண்ணைப் புதிதாகக் கொத்திப் போட்டதுமே வந்து உட்கார்ந்துகொள்ளும் பூனைக்கும் இந்தச் சட்டமே பதில். பூனை விதையைத் தின்பதில்லைதான், ஆனால் அது செய்துவிட்டுப் போகிற காரியத்துக்குப் பிறகு அந்த வரிசையில் எது எங்கே இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

நைலான் வலை போடுகிறவர்கள் அதை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். தொளதொளவென்று கிடந்தால் பறவையின் கால் சிக்கும், பாம்பு நுழைந்து திரும்ப முடியாமல் சாகும். மின்னும் நாடாக்களும் பழைய சிடிக்களும் சில நாளைக்குத்தான் பயம் காட்டும். விதைத்த அன்று கட்டி, இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் முளைக்கும் வரை ஒப்பேற்றலாம். நாள் முழுக்க உட்கார்ந்து ஆலோலம் பாட யாருக்கு நேரம் இருக்கிறது? பறவைக்குப் பங்கு கொடுக்கக் கூடாதா என்று என் தங்கை கேட்பாள். தாராளமாகக் கொடுக்கலாம். சிட்டுக்குருவி குஞ்சுகளுக்கு ஊட்டுவது பெரும்பாலும் நம் செடியிலிருக்கும் புழுக்களைத்தான். ஆனால் வட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும், அசலில் கை வைக்கக் கூடாது.

எறும்புக்குச் சட்டமும் வலையும் பிரயோஜனமில்லை. அது பூசணி விதையை ஒன்றும் செய்யாது, கீரை, தக்காளி, கத்தரி, வெங்காயம், கேரட் என்று தன்னால் தூக்க முடிந்ததைத் தூக்கும். கீரை விதை கறுத்து மினுமினுப்பாக ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும், எறும்பின் வாயில் அது போவதைப் பார்க்க மண்டியிட்டுக் குனிய வேண்டும். நான் குனிந்து பார்த்தபோது ஊர்வலமாகவே போய்க்கொண்டிருந்தது. தூவிய விதையை மண்மேலேயே விடுவதுதான் இதற்கு இடம் கொடுக்கிறது. சலித்த மண்ணையோ மணலையோ மெல்லியதாக மேலே தூவி, உள்ளங்கையால் அழுத்தி, பூவாளியால் நனைத்துவிட்டால் எறும்புக்கு எடுப்பது சிரமம். மாவு தூவித் திசை திருப்புவது ஒரு வழி என்பார்கள். எறும்பு வரும் தடத்தில், பாத்தியிலிருந்து தள்ளித் தூவினால் ஒருநாள் இரண்டுநாள் தாக்குப் பிடிக்கும். பாத்தியின் மேலேயே தூவினால் வராத எறும்பும் வரும். குழித்தட்டில் விதைப்பவர்களுக்கு வேலை சுலபம்: தட்டை மேசைமேல் வைத்து, நான்கு காலையும் சோப்பு கலந்த தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திவிட வேண்டும். மேசை சுவரையோ, பக்கத்துச் செடியின் இலையையோ தொடக் கூடாது, ஒரு இலை போதும் எறும்புக்குப் பாலம் போட. தண்ணீரைச் சில நாளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் கொசுவை வளர்த்தவர்களாகிவிடுவோம்.

நத்தைக்கு, தண்ணீர் ஊற்றும் நேரத்தை மாற்றுவதே பாதி வைத்தியம். சாயங்காலம் ஊற்றினால் ராத்திரி முழுக்க அதற்கு ஈரப் பாதை. காலையில் ஊற்றினால் இருட்டுவதற்குள் மேல்மண் காய்ந்துவிடும். பாத்தி ஓரத்தில் நனைந்த சாக்கையோ பலகையையோ போட்டு வைத்து, விடிந்ததும் புரட்டினால் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், பொறுக்கிவிடலாம். வெறுங்கையால் தொடாதீர்கள். பெரிய ஆப்பிரிக்க நத்தை உட்பட சில நத்தைகள் மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் ஒட்டுண்ணியைச் சுமக்கின்றன. உப்பைக் கொட்டினால் நத்தை சாகும், அந்த மண்ணும் கெடும். கடையில் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இரும்பு பாஸ்பேட் உருண்டையாகப் பார்த்து வாங்குங்கள். மெட்டால்டிஹைடு என்ற நத்தை மருந்து நாய்க்கும் காட்டுயிர்களுக்கும் விஷம், பிரிட்டனில் 2022 முதல் தோட்டத்தில் போடத் தடை. மூடாக்காக வைக்கோல் பரப்புகிறவர்கள் முளை தெரிந்த அன்றே அதை விலக்கிவிட வேண்டும், அடியில் நத்தை குடித்தனம் நடத்தும், நாற்றும் வெளிச்சத்துக்கு ஏங்கி வெளிறி நீண்டுவிடும்.

நாற்று முளைத்து, தண்டின் அடிப்பகுதி மட்டும் தண்ணீர் கோத்தாற்போல் நூலாக மெலிந்து, கும்பலாகச் சாய்ந்தால் தயவுசெய்து பூச்சியைத் தேடாதீர்கள். அது நாற்றழுகல், பித்தியம் போன்ற, பூஞ்சையை ஒத்த நுண்ணுயிர்களின் வேலை. வெட்டுப்புழு அறுத்த தண்டில் வெட்டு தெரியும், இதில் தண்டு அறுபடாமல் துவண்டிருக்கும். அடர்த்தியாக விதைப்பதும் மண் எப்போதும் சொதசொதவென்று இருப்பதும் காற்றோட்டம் இல்லாததும்தான் இதற்குக் காரணம். இதற்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு, மருந்து கலப்படம் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போன ஒருவரை எனக்குத் தெரியும்.

எலி விஷப் பசை பற்றி ஒரு வார்த்தை. உங்கள் குறிப்பில் அது இல்லை, அந்த மட்டும் நன்றி. ஆனால் வலைக்கு அலுப்புப்பட்டு அடுத்து அதற்குத்தான் போவார்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை மனிதரின் கல்லீரலை அழிக்கும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. மற்ற எலி மருந்துகள் பலவற்றிலும், அதைத் தின்ற எலியை ஆந்தையோ பூனையோ பிடித்துத் தின்றால் விஷம் அவற்றுக்கும் போகும்; எலியைப் பிடிக்க இருந்த ஆளையும் நாமே கொன்றதாகும்.

சிவப்பு, பச்சை, நீலம் என்று சாயம் பூசிய விதைகள் பாக்கெட்டில் வருகின்றன. அந்த நிறம் மருந்து பூசியிருக்கிறது என்பதற்கு அடையாளம். அவற்றை ஊற வைத்த தண்ணீரைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது, மிஞ்சியதைக் குருவிக்குப் போடக் கூடாது, கையைக் கழுவ வேண்டும், மண்மேல் ஒன்றுகூடத் தெரியாமல் மூட வேண்டும். இதைத் தோட்டப் பக்கத்தில் ஒருமுறையாவது தனியாக எழுதுங்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. சென்ற வாரக் குறிப்பை நம்பி அந்துருண்டை போட்டவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காகத் திருத்தம் வெளியிடுங்கள். உருண்டைகளைக் கையுறை போட்டுப் பொறுக்கி, இறுக மூடிய டப்பாவில் குழந்தை கைக்கு எட்டாமல் வைத்து, அபாயக் குப்பையாகத் தனியே கொடுக்க வேண்டும், எரிக்கக் கூடாது. குழந்தை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி எடுக்க வைக்கவோ பாலோ எண்ணெயோ கொடுக்கவோ வேண்டாம், கொழுப்பு அதை உடம்பு சீக்கிரம் உறிஞ்சிக்கொள்ளச் செய்யும். உருண்டை வந்த உறையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குருணை தூவியவர்கள் அந்தப் பாத்தியில் இந்தப் பருவம் கீரையும் முள்ளங்கியும் போடாமல், பறவை இறங்காதபடி மூடி வைக்கட்டும். குறிப்பு எந்த இடத்தில் எந்த அளவு எழுத்தில் வந்ததோ, திருத்தமும் அதே இடத்தில் அதே அளவில் வர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி
(ஓய்வுபெற்ற கணக்கர், வீட்டுத் தோட்டக்காரி)